வாசிக்காமல் விட்ட வரி

சிங்கப்பூர்
1909 மார்ச் 14

என் உயிரான உம்மாவுக்கு மைமூன் ஸலாம் சொல்லி எழுதுவது.

நீங்கள் ஏறிய கப்பல் தஞ்சோங் பகாரை விட்டுப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. பினாங்குத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? கால் வீக்கம் இறங்கியதா? ஜமால் மாமா புதுக் கடையைத் திறந்துவிட்டாரா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வாப்பா கடைக்கு மேலே, சாலையைப் பார்த்த அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார். கீழே பிண்ணாக்கும் வைக்கோலும். எதிரே எருமைக் கொட்டகைகள். என் புத்தகங்கள்கூட எள்ளுப் பிண்ணாக்கு மணக்கின்றன. வகுப்பில் சந்திரமதி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உன் இலக்கணப் புத்தகத்த மாடு மேஞ்சிடப் போகுதுடி, பத்திரம்" என்கிறாள். வாப்பா என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொள்கிறார். தலாக் ஆன நாளிலிருந்து உங்கள் பெயரை மட்டும் சொல்வதில்லை. "உன் மாமன் வீட்டுல" என்பார், அவ்வளவுதான்.

காஜியாரிடம் பேசியாயிற்றாம். விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால், யாரோடு இருக்க விருப்பம் என்று பிள்ளையையே கேட்பது நம் வழக்கமாம். பள்ளித் தேர்வு முடிந்து ஜூலையில் கேட்பார். அதுவரை நான் இங்கே. இந்தப் பதின்மூன்று வயதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பெருமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள், கோபிக்க வேண்டாம். கப்பலிலிருந்து நீங்கள் அனுப்பிய தாளை அரபுத் தமிழில் எழுதியிருந்தீர்கள். அரபு எழுத்தில் இருக்கிற தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பள்ளியில் பிள்ளைகள் பார்த்துவிட்டு, "கோழி கிளறின மாதிரி இருக்கே" என்று சிரித்தார்கள். என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இனிமேல் மாமாவிடம் சொல்லி நல்ல தமிழில் எழுதச் சொல்லுங்கள். என் கடிதங்களையும் அவரே உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

உங்கள் கையை முத்தமிடும்,
மைமூன்

*

பினாங்கு
1909 மார்ச் 29

மகள் மைமூனுக்கு உம்மா சம்சுன்னிசா சொல்லச் சொல்ல, மாமா ஜமால் முகம்மது எழுதுவது. இங்கே எல்லோரும் ஆண்டவன் காவலில் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கால் வீக்கம் பாதி இறங்கியது. உனக்கு வெட்கமென்றால் அரபுத் தமிழ் வேண்டாம், இப்படியே எழுதுகிறோம். ஈரத் தலையோடு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காராதே, சளி பிடிக்கும். ஜன்னலில் நின்று சாலையைப் பார்க்காதே. நீ மீன் தலையைத் தின்னமாட்டாய் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. வாய் திறந்து சொல்.

உம்மா இங்கே உனக்கென்று ஒரு புதுப் பாய் வாங்கிச் சுருட்டி வைத்திருக்கிறாள். யாரையும் அதில் படுக்க விடுவதில்லை. என் பிள்ளைகள் தொட்டாலும் சத்தம் போடுகிறாள்.

உன் நினைவாகவே இருக்கும் உம்மாவின் துஆ.

*

சிங்கப்பூர்
1909 ஏப்ரல் 18

அன்பு உம்மாவுக்கு ஸலாம். நான் சுகம். பாய் பற்றி வாசித்துவிட்டு அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மீன் தலையைப் பற்றி வாய் திறந்து சொல்லிவிட்டேன்.

எதிர்க் கொட்டகையில் முத்தாயி என்று ஓர் அக்கா பால் கறந்து விற்கிறாள். தஞ்சாவூர்ப் பக்கம். ஏழு மாத வயிறு. எழுத்து தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவாள். வாசித்துக் காட்டினால் அன்றைக்குப் பாலைத் தாராளமாக ஊற்றுவாள். போன வாரம் அவள் அண்ணன் எழுதிய கடிதத்தில் மாடு கன்று போட்டது, கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தது எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வரி: "ஆத்தாளுக்கு முடியவில்லை, உன்னை ஒருதரம் பார்க்க வேண்டுமென்கிறாள்." நான் முத்தாயியின் வயிற்றைப் பார்த்தேன். இதைக் கேட்டால் இந்த வயிற்றோடு கப்பல் ஏறிவிடுவாளே! அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். "எங்கண்ணனுக்கு மாட்டப் பத்திப் பேசலன்னா சோறு எறங்காது" என்று சிரித்துக்கொண்டே போனாள். நான் நல்லதைத்தானே செய்தேன், உம்மா? கதைப் புத்தகத்தில் வரும் கெட்டிக்காரப் பெண்களும் இப்படித்தான் செய்திருப்பார்கள்.

நேற்று வாப்பா சாப்பிடும்போது சொன்னார்: "என்கிட்ட இருந்தீன்னா ஏழாம் வகுப்பு வரைக்கும் படி. யார் தடுக்குறா? அங்க உன் மாமன் உனக்குன்னு பள்ளிக்கூடமா கட்டி வச்சிருக்கான்?" மாமா வீட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் பள்ளி உண்டா என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்கு வழி பார்க்கும்,
மைமூன்

*

பினாங்கு
1909 மே 11

மருமகள் மைமூனுக்கு மாமாவும் உம்மாவும் வாழ்த்தி எழுதுவது. அனைவரும் நலம்.

முத்தாயி விஷயத்தில் நீ நடந்துகொண்டது சரி என்று உம்மா சொல்கிறாள். தாங்க முடியாததைப் பெண்களிடம் சொல்லாமல் இருப்பதே புத்தி. நீ விவரமான பிள்ளை.

பள்ளி இங்கே பக்கத்தில் எதுவுமில்லை. வீடு சிறியது, எட்டுப் பேர் இருக்கிறோம். இரண்டு வீடு தள்ளி அப்துல் காதர் என்று ஒரு கயிற்று வியாபாரி இருக்கிறார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. மரியாதையான மனிதர், அடிக்கடி வந்து விசாரித்துப் போகிறார்.

படிப்பில் கவனமாக இரு. வாப்பாவுக்குக் கீழ்ப்படிந்து நட.

*

சிங்கப்பூர்
1909 ஜூன் 24

அன்பு உம்மாவுக்கு ஸலாம். எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்தில் கால் வீக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பாய் பற்றியும் இல்லை. மாமா அவசரத்தில் எழுதினார் போலும்.

தெலுக் ஆயர் தெரு தர்காவில் கந்தூரி விழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. முத்தாயிக்குப் பெண் குழந்தை, கறுப்பாக, தலை நிறைய முடியோடு. தேர்வில் நான் இரண்டாவது. முதலாவது சந்திரமதி, அவள் புத்தகத்தில் பிண்ணாக்கு வாசம் இல்லாததுதான் காரணம் என்கிறாள்.

இனி எழுதப்போவதை மாமா மெதுவாக, இரண்டு தடவை வாசித்துக் காட்ட வேண்டும்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி காஜியார் என்னைக் கேட்கிறார். எனக்குப் பள்ளி வேண்டும். நீங்களும் வேண்டும். இரண்டையும் தராசில் வைத்து வைத்துப் பார்த்தேன், முள் நிற்கவே மாட்டேன் என்கிறது. அதனால் உங்களிடமே விடுகிறேன். "வா" என்று ஒரு சொல் எழுதுங்கள். நான் சபையில் "உம்மா" என்று சொல்லிவிட்டு, புத்தகங்களைச் சந்திரமதியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கப்பலில் வருகிறேன். எட்டுப் பேர் படுக்கிற வீட்டில் ஒன்பதாவது ஆளாகப் படுப்பேன். பள்ளி இல்லாவிட்டால் இல்லை. "அங்கேயே இரு" என்றால் இருக்கிறேன். நீங்கள் சொல்வதைத்தான் சொல்வேன்.

பன்னிரண்டாம் தேதிக்குள் கிடைக்கும்படி எழுதுங்கள்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
மைமூன்

*

பினாங்கு
1909 ஜூலை 3

மருமகள் மைமூனுக்கு. இங்கே யாவரும் சுகம்.

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். படிப்புதான் பெரிது, வாப்பாவிடமே இருக்கட்டும் என்று சொல்கிறாள். சபையில் தெளிவாகச் சொல். அழாதே.

மாமா ஜமால் முகம்மது

*

சிங்கப்பூர்
1909 ஜூலை 14

உம்மாவுக்கு மைமூனின் ஸலாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

நீங்கள் சொன்னபடியே சொல்லிவிட்டேன்.

காஜியார் வீட்டுக் கூடத்தில் வாப்பாவும் சாட்சிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் தலையில் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றேன். உங்கள் பக்கத்துக்கு யாரும் இல்லை. காஜியார், "பயப்படாதேம்மா. இங்க உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உம்மாகிட்ட இருக்கியா, வாப்பாகிட்ட இருக்கியா?" என்றார். பள்ளியில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஆனாலும் துப்பட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன். "யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். அது பொய். பிறகு "வாப்பா" என்றேன். பேனா தாளில் கீறுகிற சத்தம் கேட்டது.

கடைக்குத் திரும்பியதும் வாப்பா எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். "என் ரத்தம்யா!" என்று என் தலையைத் தொட்டுக் காட்டினார். சாட்சிக்கு வந்தவர் ஒருவர் வாப்பாவைப் பார்த்து, "ரத்தமாவது ஒண்ணாவது, பிண்ணாக்கு வாசம் ஜெயிச்சிருச்சு கஃபாரே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உம்மா, மாமா எழுதியது நான்கு வரி. அதில் உங்கள் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஈரத் தலையைப் பற்றியாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மைமூன்

*

சிங்கப்பூர்
1909 ஆகஸ்ட் 22

உம்மாவுக்கு ஸலாம். பதில் வராமலே நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. உங்களுக்கு உடம்பு சரியில்லையா? அதை மட்டுமாவது எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு வாரமாக நான் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளிக்குக் கூட்டிப்போகும் வண்டி வரவில்லையே என்று வாப்பாவைக் கேட்டேன். "பெரிய பிள்ளையாயிட்டே. இனி எதுக்கு வண்டியும் பள்ளியும்?" என்றார். "ஏழாம் வகுப்பு வரைக்கும்னு சொன்னீங்களே வாப்பா?" என்றேன். "சொன்னேன். காஜியார் கேக்குறதுக்கு முன்னாடி சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தைக்கப் போய்விட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பள்ளியிலிருந்து சந்திரமதி என் சிலேட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவளும் அன்றைக்கு ஒன்றும் கேலி பேசவில்லை.

முத்தாயியின் ஆத்தாள் ஆனி மாதமே இறந்துவிட்டாளாம். கப்பலில் வந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். முத்தாயி கொட்டகை வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா நீந்தியாச்சும் போயிருப்பனே! ஒருத்தருக்கும் எழுதணும்னு தோணலையே!" என்று அழுதாள். நான் அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் தாவிப் போன வரியைப் பற்றிச் சொல்லவில்லை.

மைமூன்

*

பினாங்கு
1909 செப்டம்பர் 8
(அரபுத் தமிழில்)

மைமூனுக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது. ஆண்டவன் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

இதை நானே எழுதுகிறேன். வாசிக்க ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டும். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒவ்வொரு கடிதத்திலும் "வந்துவிடு" என்று எழுதச் சொன்னேன். உன் மாமா எழுதி ஒட்டினார். உன்னிடமிருந்து வந்ததில் பள்ளியும் பாலும் எருமையும்தான் இருந்தன. என்னிடம் வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளை யோசிக்கிறது என்று நினைத்தேன். ஜூலையில் மாமா உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உன் மக சபையில வாப்பாதான் வேணும்னுட்டா. இனி யாருக்காகப் பாயச் சுருட்டி வச்சிருக்கே?" என்றார். இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து கயிற்றுக்கடை அப்துல் காதருக்கு என்னை நிக்காஹ் செய்துகொடுத்தார்.

இப்போது அவர் வீட்டில் இருக்கிறேன். தபால் தலை என் கைக்கு வருகிறது, அதனால் எழுத முடிகிறது. பாயை அவருடைய அக்காளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் உனக்கு என்ன குறை வைத்தேன்?

சம்சுன்னிசா

*

சிங்கப்பூர்
1909 செப்டம்பர் 26
(அரபுத் தமிழில்)

என் உம்மாவுக்கு உங்கள் மைமூன் ஸலாம் சொல்லி எழுதுவது. நோன்பு உங்களுக்கு இலேசாக இருக்கிறதா? என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். மூன்று நாளாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஜூன் மாதம் நான் கேட்டதை இங்கே மறுபடி எழுதுகிறேன்: "வா என்று ஒரு சொல் எழுதுங்கள், அடுத்த கப்பலில் வருகிறேன்." அதற்கு வந்த பதிலையும் இதோடு வைத்திருக்கிறேன். மாமாவைத் தவிர வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "வந்துவிடு" என்று எனக்கு ஒரு கடிதத்திலும் வரவில்லை.

உங்கள் தாளை வாசித்த மறுநாளே காஜியாரைப் பார்க்கப் போனேன். தனியாகப் போக முடியாது. முத்தாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்தாள். மாலை அஸர் தொழுகை முடிந்து அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் அன்னைக்குச் சொன்னத மாத்திச் சொல்லணும். உம்மாகிட்ட போறேன்" என்றேன். உங்கள் தாளில் இருந்ததையும் சொன்னேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். "பிள்ளை மனசு மாறலாம்மா, மறுபடியும் கேக்கலாம், தப்பில்ல. ஆனா உங்க உம்மா வேற மனுஷருக்கு வாழ்க்கைப்பட்டுட்டாங்க. அதோட அவங்க உரிமை போச்சு."

"அப்ப என்னைக் கேக்க மாட்டீங்களா?"

"கேட்டு என்னம்மா செய்ய?"

முத்தாயி வெளியே நின்றவள் உள்ளே எட்டிப் பார்த்து, "அப்புறம் எதுக்கு சாமி அன்னைக்குப் புள்ளையக் கூப்ட்டு வச்சுக் கேட்டீங்க?" என்றாள்.

"அன்னைக்கு ரெண்டு வீடு இருந்துச்சு" என்றார் காஜியார்.

திரும்பி வரும்போது முத்தாயி வழியெல்லாம் உங்கள் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தாள். "தங்கச்சிக்கு எழுத்து தெரியலைன்னா இப்படியா செய்வாங்க? படுபாவி, அவன் கண்ணு அவிஞ்சு போவ!" என்றாள். நான் குனிந்து நடந்தேன்.

மைமூன்

*

பினாங்கு
1909 அக்டோபர் 9

மருமகள் மைமூனுக்கு மாமா எழுதுவது. நோன்பு நல்லபடியாகப் போகிறது.

உன் உம்மா உன் தாளை எடுத்துக்கொண்டு வந்து என் கடை வாசலில் நின்று அழுதாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். உனக்கு இப்போது திருப்திதானே?

என் வீட்டில் எட்டுப் பேர். கணவன் இல்லாத தங்கையை எத்தனை காலம் வைத்திருப்பேன்? அப்துல் காதருக்கு அவளை ஏற்றுக்கொள்ள மனம் இருந்தது. வளர்ந்த பெண்ணையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள மனம் இல்லை. அவளுக்கு ஒரு வீடு வேண்டும், உனக்குப் படிப்பு வேண்டும். இரண்டும் நடக்கட்டும் என்று சில வரிகளை விட்டேன், சில வரிகளைச் சேர்த்தேன். உன் வாப்பா வாக்கு மாறுவார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நீ முத்தாயிக்கு என்ன செய்தாய்? ஏப்ரலில் நீ எழுதிய கடிதம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. "நல்லதைத்தானே செய்தேன்" என்று கேட்டிருக்கிறாய். அதையே நான் உன்னிடம் கேட்கிறேன். பதில் எழுது.

மாமா

*

சிங்கப்பூர்
1909 அக்டோபர் 24
(அரபுத் தமிழில்)

உம்மாவுக்கு ஸலாம். பெருநாள் நல்லபடி கழிந்ததா? கால் வீக்கம் எப்படி இருக்கிறது? புது வீட்டில் உங்களுக்கு உட்கார்ந்து சமைக்க இடம் இருக்கிறதா?

பெருநாள் கழிந்த மறுநாள் முத்தாயியின் கொட்டகைக்குப் போனேன். அவள் அண்ணன் எழுதிய சித்திரை மாதத்துக் கடிதத்தை எடுத்துவரச் சொன்னேன். துணியில் முடிந்து வைத்திருந்தாள். "இத எதுக்கு இப்ப? மாட்டுக் கதைதானே?" என்றாள். முழுதும் வாசித்துக் காட்டினேன். மாடு கன்று போட்டதற்கும் சுண்ணாம்பு அடித்ததற்கும் நடுவில் இருந்த வரியையும்.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அன்றைக்கு மாமாவைத் திட்டியதுபோல் திட்டுவாள் என்று நினைத்தேன். "எந்த எடத்துல இருக்கு? காட்டு" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். அவள் என் விரலை எடுத்துவிட்டு, தன் விரலை அந்த வரியின்மேல் வைத்தாள். சாணி காய்ந்த விரல். வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இத்துனூண்டுதானா?" என்றாள்.

பிறகு தாளை மடித்துத் துணியில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

பால் இப்போதும் வருகிறது, அளவாக வருகிறது. போன வாரம் அவளுக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதைத் தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுத்துக்காரரிடம் கொண்டுபோனாள். கடையைத் தாண்டித்தான் போனாள். நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாமா பதில் கேட்டிருந்தார். இரண்டு முறை பேனாவை எடுத்தேன். அவரைத் திட்டி எழுதத் தொடங்கினால், முத்தாயி அவரைத் திட்டியதெல்லாம் என் காதில் கேட்கிறது. எழுதாமல் வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் என்னைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். மாப்பிள்ளைக்கு மலாக்காவில் கடை இருக்கிறதாம். "நிக்காஹுக்கு முன்னாடி என்னைக் கேப்பாங்களா வாப்பா?" என்று கேட்டேன். அவர் வைக்கோல் கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "கேப்பாங்க, கேப்பாங்க. கேக்காம எப்படி?" என்றார்.

ஈரத் தலையோடு நான் வாசிப்பதில்லை. வாசிக்க இங்கே ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதுங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் நானே வாசிப்பேன்.

உங்கள் மகள்,
மைமூன்